நான்கு போல்ட்டுகள்

கம்பத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டாரில், குழாய் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. புது ரப்பர் வாஷர் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் நானே முடுக்கினேன். முதல் போல்ட்டை மூச்சைப் பிடித்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். மோட்டாரைப் போட்டதும் எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை இன்னும் இறுக்கப் போனேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"போதும், விடுங்க. இதுக்கு மேல முடுக்குனா இரும்பே விரிசல் விட்டுரும்."

ஸ்பானரை வாங்கி நான்கையும் தளர்த்தினாள். வாஷரை விரலால் தடவிச் சரியாக உட்காரவைத்தாள். நட்டுகளை முதலில் வெறுங்கையாலேயே ஏற்றினாள். பிறகு ஒரு நட்டை அரைச் சுற்று முடுக்கி, அதற்கு நேர் எதிரே இருந்ததையும் அரைச் சுற்று முடுக்கினாள். அதன் பிறகே மற்ற இரண்டுக்கும் போனாள். அதேபோல் இன்னும் இரண்டு தடவை.

"இதெல்லாம் எங்கன படிச்ச?"

"கல்யாணத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனியில மூணு வருசம் இருந்தேனே, அங்கன என்ன செஞ்சேன்னு நெனச்சீக? இதேதான்."

கம்பெனி வேலை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். என்ன வேலை என்று கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தோடு சுவிட்சைப் போட்டேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

மறுநாள் பக்கத்துத் தோட்டக்காரர் கசிவு நின்றிருப்பதைப் பார்த்து, யார் சரிசெய்தது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் நேராக அவளிடமே போனார்.

"ஆத்தா, நம்ம மோட்டாரையும் ஒரு எட்டு வந்து பாரு."

அவள் ஸ்பானரோடு முன்னால் நடக்க, நான் இன்னொரு புது வாஷரை எடுத்துக்கொண்டு பெருமையாகப் பின்னால் போனேன்.