ரிசர்விலேயே ஓடிய வண்டி

ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்களில் எவனும் டேங்க் நிறையப் பெட்ரோல் போட மாட்டான். கோரமண்டல் ஸ்டேஷனில் காலையில் விட்ட பைக்கிலிருந்து சாயங்காலத்துக்குள் எவனாவது உறிஞ்சிக்கொண்டு போய்விடுவான். அதனால் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் போதுமான அளவு ஊற்றி, ரிசர்விலேயே ஓட்டுவோம். எனக்கு இதில் பெருமை வேறு. கொஞ்சமாக ஊற்றினாலும் ஆக்டேன் கூடிய பிரீமியம்தான் என்று பீற்றிக்கொள்வேன்.

"இன்னாடா, கோழி தண்ணி குடிக்கற மாரி ஊத்தற?" என்பார் அப்பா. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாறைத்தூசு நுரையீரலில் தங்கி, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும்.

ஒரு ஞாயிறு மதியம், மூன்று நாள் மழைக்குப் பிறகு, அவர் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். நாங்கள் இருக்கும் சாம்பியன் ரீப்ஸில் ஓர் ஆட்டோ கண்ணில் படவில்லை. அவரைப் பைக்கில் ஏற்றி, துண்டால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் மேட்டில் வண்டி இருமி நின்றது. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். சனியன், அசையவில்லை. கை காட்டிய கார் எதுவும் நிற்கவில்லை.

"கொஞ்ச தூரம் நடக்க முடியுமாப்பா?" என்று நான்தான் கேட்டேன்.

முடியும் என்று தலையாட்டினார். என் தோளைப் பிடித்தபடி மேடேறினார். ஆஸ்பத்திரி வாசலில் சரிந்தவர் எழவில்லை.

காரியம் முடிந்து வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். டேங்க்கில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் கலங்கலாக வேறொன்று தனியாக நின்றது.

"இப்பல்லாம் எத்தனால் கலந்து வருது சார். நீங்க போட்ற பிரீமியத்துலயும் இருக்கு. அது தண்ணிய இழுத்துக்கும். மூடி வழியா எறங்கன மழத்தண்ணி, பெட்ரோல் நெறய இருந்தா அதுலயே கரைஞ்சி எரிஞ்சிருக்கும். கொஞ்சமா இருக்கவே, அடியில பிரிஞ்சி இன்ஜினுக்கு போயிருக்கு."

திருட்டுப் போயிருந்தால்கூட ஒரு லிட்டர் இரண்டு லிட்டர்தான் போயிருக்கும். பாவி நான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "மெக்கானிக்கு இன்னா சொன்னான்?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய வண்டி, அவ்ளோதான்."

"அவர நடக்க உடலியே?"

"இல்லம்மா. கடைசி வரிக்கும் வண்டியிலதான் உக்காந்திருந்தாரு."