உட்கார்ந்து சமைக்க ஒரு மேடை

கூடுவாஞ்சேரியில் மாடுலர் கிச்சன் கடைகள் வரத் தொடங்கிய காலம். எங்கள் சமையலறை அலமாரிகளுக்குக் கதவை மட்டும் மாற்றலாமா, மொத்தமும் புதிதாகப் போடலாமா என்று கேட்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே நரைத்த மீசைக்காரர் ஒருவர், மாதிரிக்கு வைத்திருந்த ஒவ்வொரு சமையல் மேடைக்கு முன்னாலும் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு மட்டும் மாத்தினா வேலை சீக்கிரம் முடிஞ்சிடுமே?" என்று அவரிடம் கேட்டேன்.

"மேடை உயரம் கொறையாதே சார். எங்க வூட்டுக்காரம்மா பஸ்ல அடிபட்டதுலேந்து நிக்க முடியல. ஒரு வருஷமா நான்தான் ஆக்கினு கீறேன்."

"அவங்க ரெஸ்ட் எடுக்கட்டுமே?"

"நானும் அதான் சொன்னேன். 'உன் கொழம்ப இனிமே துன்ன முடியாது, என்னை அடுப்பாண்ட உக்கார வை'ன்னு சண்ட போட்றா." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தினி நாளா பேசாமயே கெடந்தா சார். இப்பத்தான் சண்ட போட்றா!"

எல்லாவற்றையும் தாழ்வாக, புதிதாகவே போடச் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் கதவை மட்டும்தான் மாற்றினோம். அந்த அம்மாவை நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் கூடுவாஞ்சேரியைக் கடக்கும்போதெல்லாம், இந்நேரம் அந்த அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருப்பார், இவர் பக்கத்தில் நின்று சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார் என்றே தோன்றும்.