புதன்கிழமைக் கை

முதலில் வலது கைப் பெருவிரல் இடுக்கில் சிவந்தது. பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறவன் நான். விலைச்சீட்டுக் குண்டூசி தினமும் நாலு இடத்தில் குத்தும். அதுதான் என்று விட்டுவிட்டேன். ஒரே மாதத்தில் இரண்டு கையும் தடித்துக் கொப்பளித்து நீர் வடிந்தது.

கல்யாணப் புடவை எடுக்க வந்த அம்மாள் ஒருவர் என் கையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "கை ஆறுற வரைக்கும் குடோனைப் பாத்துக்கப்பா. ஆறலன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்."

இதே நோயில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், நமைச்சலைவிடக் கொடுமை சந்தேகம். நானோ பிறவியிலேயே சந்தேகப் பிராணி. சாயத்தைச் சந்தேகித்தேன். சோப்பை, குழாய்த் தண்ணீரை, டாக்டர் கொடுத்த களிம்பைக்கூட விடவில்லை. நோய் தீராமல் இருந்தால்தானே அவருக்கு நல்லது? என்றைக்கு அரிக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். எல்லா வாரமும் புதன்கிழமை!

புதன் எனக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் என் மனைவி சுமதியின் அம்மா வாலாஜாபாத்தில் செக்கில் ஆட்டிக் கொடுத்தனுப்புவது. ஆள் அகப்பட்டாயிற்று.

"உங்கம்மா எண்ணெயில இன்னாத்தயோ கலக்குறாங்க" என்றேன்.

"எங்கம்மாவா? அதத்தானே நானும் தேச்சிக்கினு இருக்கேன்?"

"உனக்கு வேற பாட்டிலா இருக்கும்."

இதைச் சொன்ன வாயை என்ன செய்வது! அவள் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிப் பரணில் வைத்தாள். அம்மா வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். எண்ணெய் நின்றும் புதன்கிழமை அரிப்பு நிற்கவில்லை. தலையணையில் ஊறியிருக்கும் என்று உறையை மாற்றச் சொன்னேன்.

நான் நம்பியது ஒன்றே ஒன்றை, வெட்டுக்காயப் பூண்டை. செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் தரையோடு படர்ந்து கிடக்கும். நீளக் காம்பில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிறிய இதழ். சின்ன வயதிலிருந்து எந்தக் காயத்துக்கும் அதன் சாறுதான். திங்கள்கிழமை எனக்கு விடுமுறை. நானே பறித்து, நானே கழுவி, நானே கசக்கிக் கையில் தேய்ப்பேன். சுமதியைத் தொடவிட மாட்டேன்.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர் ஒட்டுப் பரிசோதனை (சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிவைத்துப் பார்ப்பது) செய்யலாம் என்றார். "கையில படுறது எல்லாத்தையும் கொண்டுவாங்க." சாய நூல், சோப்பு, களிம்பு, எண்ணெய் எல்லாம் பைக்குள் போயிற்று. கிளம்பும்போது சுமதி அந்தப் பூண்டையும் பிடுங்கிப் போட்டாள்.

"அது மருந்துடி."

"எல்லாத்தயும்னுதானே சொன்னாங்க?"

இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படாமல் இருந்தேன். முதுகில் ஒட்டிய பட்டைகளைப் பிரித்த டாக்டர் சுமதியைக் கூப்பிட்டார். "எண்ணெய் வெச்ச இடம் சுத்தமா இருக்கும்மா. பச்சிலை வெச்ச இடத்தைப் பாருங்க." செல்போனில் படம் எடுத்துக் காட்டினார்கள். எட்டணா அகலத்துக்குக் கொப்புளம்.

ஒவ்வாமைத் தோலழற்சி (உடம்புக்கு ஆகாத பொருள் பட்டுத் தோல் புண்ணாவது) என்றார். சாமந்தியும் பார்த்தீனியமும் அந்தப் பூண்டும் ஒரே குடும்பமாம். பலரை ஒன்றும் செய்யாது, வருஷக்கணக்கில் பட்டுப் பட்டு என் உடம்புக்கு ஆகாமல் போய்விட்டதாம். "பட்ட அன்னிக்குத் தெரியாதுங்க. ரெண்டு நாள் கழிச்சித்தான் பொங்கும்."

திங்கள் தேய்த்தது புதன் பொங்கியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் சுமதி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

பூண்டை விட்டேன். களிம்பை ஒழுங்காகப் போட்டேன். இரண்டு மாதத்தில் முதலாளி என்னைப் புடவை காட்ட உட்காரவைத்தார். சாமி படத்துச் சாமந்தி மாலையை மட்டும் தொடுவதில்லை. இன்றைக்கு அரித்தால் முந்தாநாளைத் தேடிப் போகிறேன். என் உடம்புக்குள் ஓடும் நாள் காலண்டரில் இருக்கும் நாள் இல்லை.

கை ஆறிய பிறகு வந்த முதல் புதன்கிழமை, "உங்கம்மா எண்ணெய் இருந்தா குடு. நான் பேசினது தப்புதான்" என்றேன்.

சுமதி பாட்டிலை எடுத்துவந்தாள். எனக்கு ஊற்றவில்லை. தன் உள்ளங்கையில் ஊற்றி, என் கண்முன்னாலேயே முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள் பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா, இதே பாட்டில்ல நீங்க தேச்சிக்கங்க."