பதினோராவது சுற்று

எங்கள் வீட்டு முக்கில் புதிதாக ஒரு ரவுண்டானா கட்டியிருக்கிறார்கள். இன்று காலை பால் வாங்கித் திரும்புவதற்குள் நாற்பத்திரண்டு வண்டிகளை எண்ணினேன். பத்தொன்பது பேருக்கு நுழையத் தெரியவில்லை, ஏழு பேருக்கு வெளியேறத் தெரியவில்லை. ஒரு காலத்தில் என் அத்தையையும் அந்த ஏழு பேர் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். அப்பாவின் தங்கையான அத்தைக்கு, அட்டப்பாடியில் அகளிக்குப் பக்கத்தில் டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. மலைக்காட்டில் தனியாக ஒரு பெண்ணா என்று அப்பா மறுத்துவிட்டார். வேலை வேண்டாமென்று அவரே கடிதம் எழுதி, அத்தையிடம் கையெழுத்தும் வாங்கினார். அதைத் தபாலில் சேர்க்கத்தான் மூன்று பேரும் பாலக்காட்டுக்குக் காரில் போனோம்.

ஓட்டியது அத்தை. கார் ஓட்டச் சொல்லித்தர வந்த டிரைவரிடம் பதினாறு நாள் படித்தும் அப்பாவுக்குக் கிளட்ச் பிடிபடவில்லை. பின்சீட்டில் இருந்து பார்த்த அத்தைக்குப் பிடிபட்டுவிட்டது. ரவுண்டானாவுக்கு டிரைவர் சொன்ன பாடம் இது: “கோயிலு சுத்தற மாதிரியேதானுங்க அம்மிணி. சாமி சோத்தாங்கைப் பக்கம். உள்ள சுத்தறவங்களுக்குத்தான் மொத வழி, நாம நின்னு நுழையோணும்.” எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். அப்பா எப்போதும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தார்.

பாலக்காட்டு ரவுண்டானாவில் நான்கு சாலைகள். அத்தை ஒழுங்காக நின்று நுழைந்து, தபாலாபீஸ் சாலையைத் தாண்டிப் போய்விட்டாள்.

“ரோடு போச்சே புள்ள!”

“லாரி உடமாட்டீங்குதுங்கண்ணா. இன்னொரு சுத்து வந்துக்கலாம்.”

நான் எண்ணத் தொடங்கினேன். நான்காவது சுற்றில் அப்பா நிறுத்தச் சொன்னார். வட்டத்துக்குள் நிறுத்தினால் போலீஸ் பிடிக்கும் என்றாள் அத்தை. ஏழாவதில் அந்தப் போலீஸ்காரரே எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நவக்கிரகமே ஒம்போதோட உட்ருமே!” என்று பத்தாவதில் அலறிய அப்பா, பதினொன்றில் எலுமிச்சை நிறமாகிக் கண்ணை மூடிக்கொண்டார். “எங்க வேணாலும் போ புள்ள, என்னைய உட்டாப் போதும்!”

“சரிங்கண்ணா.”

அத்தை சன்னல் வழியே கையை நீட்டினாள். வந்த சாலையிலேயே கார் எண்ணெய்போல் வழுக்கி வெளியேறி வீட்டைப் பார்த்து ஓடியது. அத்தனை சுற்றில் நான் எண்ணிய லாரி ஒன்று, மாட்டுவண்டி மூன்று.

வீட்டில் இறங்கியதும் அத்தை அம்மாவிடம் சொன்னாள்: “எங்க வேணாலும் போகச் சொல்லிட்டாருங்க அண்ணன். நா அகளிக்குப் போறனுங்க.”

“நா எப்பச் சொன்னேன்?” என்று குதித்தார் அப்பா. சொன்ன சொல் மாறக் கூடாது என்று தினமும் ஒரு தடவையாவது சொல்கிற மனிதர். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லு கண்ணு.”

“சொன்னாருங்க. பதினோராவது சுத்துல.”

அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்பா என்னை முறைத்தார், கூரையைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். கடிதம் நான்கு துண்டானது.

மறுநாள் அத்தை பெட்டி கட்டினாள். வட்டத்திலிருந்து வெளியேறத் தெரியாதவள் அங்கே தனியாக என்ன செய்வாள் என்று எனக்குக் கவலை. பக்கத்தில் போய், “அட்டப்பாடி மலையில ஒரு ரவுண்டானாகூட இல்லீங்க அத்தை, டிரைவர்கிட்டக் கேட்டுட்டேன். பயப்படாதீங்க,” என்றேன்.

அத்தை புடவைகளுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.