போதகர் அறைக்கு அப்பா வந்த நாள்

"அந்தாளு ரூமுக்கு ஒருவாட்டி போனா போதும், பொண்ணு கழுத்துல சிலுவையோடதான் திரும்பி வரும்" என்று பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெரியப்பா மிதித்ததில்லை, ஆனாலும் உள்ளே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்தாள் என்றது வேலூரில் நான் படித்த கல்லூரியின் போதகரை. காலையில் ஜெபம் நடத்துவார். மற்ற நேரம் எந்த மதத்துப் பிள்ளை அழுதுகொண்டு வந்தாலும் உட்காரவைத்துப் பேசுவார். இரண்டாம் வருஷம் புள்ளியியலில் அரியர் விழுந்து, நான் சாப்பிடாமல் கிடந்தபோது வார்டன் என்னை அவரிடம் அனுப்பினார். விபூதியைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பூசிக்கொண்டு போனேன். அவர் முதலில் சாப்பிடச் சொன்னார். பிறகு பாடம் சொல்லித்தர ஒரு சீனியர் அக்காவைப் பிடித்துக் கொடுத்தார். மூன்று வாரம் போயும் ஏசுவைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கே அவமானமாகிவிட்டது.

"ஏன் சார், என்னை மட்டும் ஏசுகிட்ட கூப்பிட மாட்டீங்களா?"

"மொதல்ல அரியரை முடிம்மா."

நான் அங்கே போய்வருவது வீட்டுக்குத் தெரிந்தது. படிப்பை நிறுத்தி அழைத்துப்போக, அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

நான்தான் போதகர் அறைக்குக் கூட்டிப்போனேன். கோயில் மாதிரி ஏதோ என்று நினைத்துச் செருப்பை வாசலிலேயே விட்டார். உள்ளே ஒரு முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தாள். நோன்புக்கு விடியுமுன் அவளுக்குச் சாப்பாடு வேண்டும் என்று போதகர் மெஸ்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்பா யோசித்து வைத்திருந்த சண்டையில் பாதி அங்கேயே போய்விட்டது.

அவர் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்துப் போதகரும் மரியாதைக்குத் தன் ஷூவைக் கழற்றி வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அப்பா சோல் ஒட்டும் பிரிவுக்காரர். குனிந்து ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பேஸ்டிங்கே சரியில்ல. எவனோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

அரைமணி நேரம் பிரசங்கம் நடந்தது. போதகர் கைகட்டிக் கேட்டார். அன்று அந்த அறையில் யாராவது மனம் மாறியிருந்தால் அது அவர்தான்.

வெளியே வந்ததும், பையைக் கட்டவா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எதுக்கு? அரியர் இருக்குதில்ல" என்று அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அரியர் முடிந்தது, டிகிரியும் வாங்கியாயிற்று. ஆற்றுப்படுத்துதலில், அதாவது கவுன்சலிங்கில், முதுகலை படிக்க விண்ணப்பம் நிரப்பினேன். பெற்றோர் கையெழுத்தை அப்பா எழுத்து எழுத்தாக, கட்டத்தைத் தாண்டிப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை நானே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.