மூன்று நாளுக்கு முந்தைய நாட்கள்

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. ஒரு நாள் பிலோமினா என்ற சிறுமி என் மேஜைமேல் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டாள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தை இரண்டாகக் கிழித்து எறிந்தேன். பிறகு தாழ்வாரத்தில் நின்று, அடக்க முடியாமல் அழுதேன்.

தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களை வச்சுக்க முடியாதம்மா" என்றார்.

மயிலாப்பூரில் எங்கள் வீடு. "நேத்திக்குக்கூட நன்னாத்தானே இருந்தே? என்ன ஆச்சு நோக்கு?" என்றார் என் கணவர். எனக்கே தெரியவில்லை. புத்தி பேதலிக்கிறதோ என்ற பயத்தை அவரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தூரமானேன் (மாதவிடாய் வந்தது).

மந்தைவெளியில் ஒரு லேடி டாக்டரிடம் போய், இப்படி அடிக்கடி அழுகை வருவதைச் சொன்னேன். கொஞ்சம் ரத்தசோகை (ரத்தத்தில் சத்துக் குறைவு) இருப்பதாகச் சொன்னார். "இப்படி அழுகை வந்தது எந்தெந்தத் தேதின்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"கடைசியா எப்பத் தூரமானீங்க?"

அதை உடனே சொன்னேன்.

"இனிமே ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

புரோமைடு (நரம்பை அமைதிப்படுத்தும் மருந்து) கொடுத்தார். வகுப்பிலேயே கண் சொக்கியது. ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

எழுத எழுதப் புரிந்தது. ஒரு மாதத்தின் நடுவில், அதே பிலோமினா பரீட்சைத் தாள்மேல் தண்ணீரைக் கொட்டினாள். சிரித்துக்கொண்டே தாள்களை ஜன்னலில் காயவைத்தேன். பத்து நாள் கழித்து, பால் பொங்கி வழிந்ததற்கு அரை மணி நேரம் அழுதேன். அழுகையும் ஆத்திரமும் பெரும்பாலும் தூரமாவதற்கு முந்தைய ஐந்தாறு நாட்களில்தான் வந்திருந்தன.

டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் படித்தார். "ஹார்மோன்னு (சுரப்பிகளிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்) ஒண்ணு இருக்கு. மாசம் பூரா ஏறி இறங்கும். மனசை அது எப்படித் தொடுதுன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல. ஆனா உங்களுக்குப் பைத்தியம் இல்லம்மா."

நான் அந்த வார்த்தையை அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், எல்லாம் கணக்காக உண்டு. அதற்கு முந்தைய நாட்களை யாரும் எண்ணியதில்லை, நான் உட்பட.

பிலோமினாவுக்குப் புது நோட்டு வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், பழசுல நெறையத் தப்பு இருந்துச்சு" என்றாள்.

இதே அவஸ்தையில் இருக்கும் சகோதரிகளே, எனக்கு முழுக்கக் குணமாகிவிடவில்லை. அந்த நாட்களில் பரீட்சைத் தாள் திருத்துவதில்லை. ஆத்திரம் மூண்டால் வகுப்பைவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். மாதம் இப்போது எனக்கு ஒன்றாம் தேதியில் பிறப்பதில்லை. உடம்புக்குள் வேறொரு மாதம் நடக்கிறது; அதன் எந்த நாளில் நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம், தம் தம்பி குடும்பத்தை இரண்டு மாதம் வந்து தங்கச் சொல்லி, என்னைக் கேட்காமலே கணவர் கடிதம் எழுதிவிட்டார். கோபித்துக்கொண்டேன். நோட்டு விஷயம் தெரிந்த அவர் சிரித்தார். "நாள் பாத்தியோ?"

"பாத்தேன். இன்னும் பன்னண்டு நாள் இருக்கு. இது எந்த நாளா இருந்தாலும் வர கோபம்தான்னா."

அவர் ஒரு தபால் கார்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, என்னன்னு எழுதட்டும்? நீ சொல்லு."