இருபத்து மூன்றாவது வளை

1998 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் கறந்து, ஆறரை பூசைக்குப் போய்விட்டு, எட்டே காலுக்கு இட்லி சாப்பிட்டேன். ஒன்பது மணிக்கு வயலில் இருந்தேன். மன்னார்குடிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் தாளடி, இரண்டாம் போக நெல். அந்த வருடம் எலி என்றால் அப்படி ஓர் எலி. கதிர் தள்ளப் பொதி கட்டிய பயிரை வட்டம் வட்டமாக வெட்டிச் சாய்த்திருந்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

முன்பெல்லாம் மூங்கிலை வில்லாக வளைத்து எலிக்குக் கிட்டி வைக்க எங்கள் ஊரிலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பனியன் கம்பெனி வேலைக்கென்று ஒவ்வொருவராகத் திருப்பூர் போய்விட, ஒருவர் மட்டுமே மிச்சம். என் வயதுதான் அவருக்கும். ஒற்றை ஆள் கிட்டி வைத்து எப்போது முடிப்பது என்று நான் புகை மாத்திரை வாங்கிவிட்டேன். வளைக்குள் போட்டு மண்ணால் அடைத்துவிட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும். சனிக்கிழமையே வரப்பெல்லாம் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு வளை அருகிலும் ஒரு குச்சி நட்டு எண்ணி வைத்தேன். இருபத்து மூன்று. மாத்திரை போட அவரையே கூப்பிட்டிருந்தேன்.

இருபத்திரண்டை அடைத்துவிட்டு, வாய்க்கால் கரைத் தாழம்புதர் அடியில் இருந்த கடைசி வளை முன்னால் நின்றுவிட்டார்.

"சார், இது எலி வளை இல்ல. கீரி."

"எப்படிச் சொல்ற?"

"எலின்னா வாசல்ல புதுமண்ண தள்ளி அடைச்சிக்கும். இது தொறந்து கெடக்கு பாருங்க. கரையிலயே இதான் ஒசந்த எடம், எவ்ளோ மழ பேஞ்சாலும் தண்ணி ஏறாது. மேல தாழ முள்ளு, நாயி நொழைய முடியாது. இந்தா, நண்டு ஓடு. குட்டி போட்ருக்கும் சார், உட்ருங்க."

"நான் எண்ணினது இருபத்து மூணு."

"எண்ணுனது நீங்கதான சார், அதுவா எண்ணுச்சு?"

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிற எனக்கு இவர் பாடம் எடுப்பதா என்று சுர்ரென்று ஏறியது. "மாத்திரையிலேயே எல்லாம் முடிஞ்சிட்டா உன் கிட்டிக்கு வேலை இருக்காதுன்னு பயமா?" என்று கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார்.

நானே போட்டேன். மண்ணைத் தள்ளி, ஈரச் சேற்றைப் பூசி, குதிகாலால் மிதித்து இறுக்கினேன்.

மாலை நாலரைக்கு மடையைத் திறக்கப் போனபோது ஒரு கீரி அந்த வாசலைத் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டு முன்னங்காலாலும் விடாமல் பறித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓடவில்லை. முடியெல்லாம் சிலிர்த்து, உடம்பு இரு மடங்காகி, என்னைப் பார்த்துச் சீறிவிட்டு மறுபடியும் தோண்டியது. நான் மண்வெட்டியோடு ஓடியபோதுதான் புதருக்குள் ஒதுங்கியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கரையை வெட்டித் திறந்தேன். மூன்று குட்டிகள். இன்னும் கண் திறக்காதவை. ஒன்றிலும் உயிர் இல்லை.

விலகி நின்றேன். தாய் வந்து ஒன்றைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு வரப்போடு போனது. திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கியது. மூன்றாவதற்கும் வந்தது. செத்தது அதற்குத் தெரியவில்லையா, தெரிந்துதான் தூக்கியதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேட்டைப் பார்த்து, முள்ளைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். எலி மிகுந்த வயல் என்பதையும் பார்த்துத்தான் வந்திருக்கும். எனக்காக ஒரு பைசா கேட்காமல் எலி பிடித்துக்கொண்டிருந்த குடும்பத்தை என் கையாலேயே அடைத்துக் கொன்றிருக்கிறேன். எந்த வளையானாலும் போடலாம் என்று சொல்லி மாத்திரை விற்ற பூச்சிமருந்துக் கடைக்காரர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அது நிற்கவில்லை. அவரா குதிகாலால் மிதித்தார்?

மறுநாள் காலையில் பல்கூட விளக்காமல் முதல் வேலையாகக் கிட்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

"நேத்து நீங்க சொன்னதுதான் சரி. மூணு குட்டி" என்றேன்.

"தெரியும் சார். பொழுது சாயுறப்ப அந்தப் பக்கம் போனேன், கரைய வெட்டிப் போட்ருந்தீங்க." நிமிரவே இல்லை. "அத எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆவப்போவுது?"

அவர் மறுபடி மூங்கிலைப் பிளக்க, நான் வீட்டுக்குத் திரும்பினேன். என்மேல் எனக்கு வந்த அந்தக் கோபம் இன்றைக்கும் சூடு ஆறாமல் அப்படியே இருக்கிறது, அது ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.